அருவிக்கு வால்வு கிடையாது அக்கா

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க தமக்கையார் அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி, குடிநீர் வாரியத்தின் ஓய்வுபெற்ற லைன் மேற்பார்வையாளன், மிகுந்த அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைப் பற்றி நான் விசாரிக்கப்போவதில்லை. தாங்கள் போடுகிற அதட்டலுக்கு எந்த நோயும் தங்கள் தெருப்பக்கமே வந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். தாங்கள், தங்கள் என்று நான் எழுதுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர்களுக்கு எழுதும்போது மட்டு மரியாதை வேண்டும் என்பது அவள் கட்சி. இதோ, தேநீர் சொல்ல எழுந்து போய்விட்டாள். இனிமேல் நீ, அக்கா.

விஷயம் இதுதான். நான் ஜெயித்துவிட்டேன். பந்தயம் என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுத்தில் வைப்பது நல்லது, நீ நாளைக்கு மாற்றிப் பேசக்கூடியவள். என் மகன், அதாவது உன் அருமை மருமகன், போன மாதம் உன்னிடம் வந்து, "அத்தை, அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு, இனிமே ரெண்டு பேரையும் தனியா விடக்கூடாது, வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்து இருக்கச் சொல்லுங்க" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு ஆதாரம் வேறு அடுக்கியிருக்கிறான். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனதாம். வாசல் கதவில் சாவியைத் தொங்கவிட்டுவிட்டு அதே சாவியைத் தேடி நான் வீட்டையே புரட்டிப் போட்டேனாம். இதெல்லாம் மறதியா? பால் பொங்கியபோது நான் செய்தித்தாளில் குடிநீர்க் கட்டண உயர்வைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கவனம் வேறு இடத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். கவனம் என்று ஒன்று இருந்தால்தானே அது வேறு இடத்துக்குப் போகும் என்று நான் கேட்டபோது அவன் என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.

அப்போது நீ தீர்ப்புச் சொன்னாய். "ரெண்டு பேரும் தனியா ஒரு ஊருக்குப் போங்க. பிள்ளைக்கு ஒரு போன் போடாம, எதையும் தொலைக்காம, எதையும் உடைக்காம, முழுசாத் திரும்பி வாங்க. வந்தா, அவங்களை அவங்க வீட்டுலயே விட்டுடுடான்னு அவன்கிட்ட நானே சொல்றேன். இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க" என்றாய். அக்கா, எங்கள் மாடி வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு குழாயும் நான் என் கையால் போட்டது. மகன் நல்லவன்தான். மருமகள் தங்கமானவள்தான். ஆனால் அங்கே போனால் நான் விருந்தாளி. ஒரு வாஷர் மாற்றுவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நமக்கென்று ஒரு குழாய்கூட இல்லாமல் கடைசிக் காலத்தை எப்படி ஓட்டுவது? அதனால்தான் உடனே சரி என்றேன்.

எந்த ஊர் என்று நான் யோசிக்கவே இல்லை. என் அலுவலக அறையில், தலைமைப் பொறியாளரின் சுற்றறிக்கைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய காலண்டர் படம் தொங்கியதே, நீகூட ஒரு தடவை வந்தபோது பார்த்தாய். அடர்ந்த மழைக்காடு, நடுவில் ஒரு நெட்டை அருவி. வருஷம் முடிந்தும் நான் அதைக் கழற்றவில்லை. வெளியே ஜனங்கள் காலிக் குடத்தோடு என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போது நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு தண்ணீர், எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்ற முறை இல்லாமல், யாரும் கையெழுத்துப் போடாமல், தன்பாட்டுக்குக் கொட்டுகிறதே, இதை யார் திறந்துவிட்டது, ஏன் ஒருத்தரும் மூடவில்லை என்று எனக்குக் கோபமே வரும். ஒரு நாள் நேரில் போய் விசாரித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

புறப்பட்ட அன்று நான் வீட்டைப் பூட்டிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். ஜன்னல், அடுப்பு, மின்விசிறி என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்லி, மனைவியைச் சாட்சிக்கு நிறுத்தி வைத்துச் சரிபார்த்தேன். அன்றைக்கு விடிந்ததிலிருந்து தெருவில் தண்ணீர் இல்லை. எங்கள் வாரியம் எங்கேயோ தோண்டிக்கொண்டிருந்தது, எங்கே என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் விடுவேனா? சமையலறையில் டிரம் நிரப்புகிற குழாயைத் திறந்து, வாயில் காதை வைத்து, உள்ளே காற்று இழுக்கிற சத்தத்தைக் கேட்டே, "பள்ளிக்கூட மூலையில இருக்கிற வால்வுதான், வேற எதுவும் இல்ல" என்று சொன்னேன். "கண்டுபிடிச்சது போதும், பஸ் போயிடும்" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேருந்து பள்ளிக்கூட மூலையைத் தாண்டும்போது பார்த்தால், அங்கேதான் ஆட்கள் இடுப்பளவு பள்ளத்தில் நிற்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆகியும் காது இப்படி வேலை செய்கிறது என்றால், எனக்கு மறதி என்று சொல்கிறவனை என்ன செய்வது, நீயே சொல்.

கையில் என் கேட்கும் கம்பி. ஓய்வு பெறும்போது எல்லாருக்கும் கைக்கடிகாரம் கொடுப்பார்கள், நான் அந்தக் கம்பியைத்தான் கேட்டு வாங்கினேன். அதைத் தெருவில் ஊன்றி மேல் முனையில் காதை வைத்தால், தரைக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும். இப்போது அடியில் ரப்பர் மாட்டி ஊன்றுகோலாக வைத்திருக்கிறேன். நடத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா இது, ஆயுதமா?" என்றார். "ஆயுதம் இல்ல தம்பி, இது காது" என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் இருக்கைப் பக்கமே வரவில்லை, டிக்கெட்டைக்கூட முன்னால் இருந்தவர்களிடம் கொடுத்தனுப்பினார்.

விடுதிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். மலைச்சரிவில் ஒரு மர வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள், கைக்கெட்டும் தூரத்தில் காடு. பெட்டியைக் கீழே வைத்த அடுத்த நிமிஷம் நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது. உனக்குத் தெரியும் அக்கா, இவள் என்னைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துபோய் மூடிவிட்டு வருகிறவள். அவள் குளியலறைக்கு ஓடினாள், நான் வராந்தாவுக்கு ஓடினேன். "நம்ம ரூம்ல இல்லங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நான் கம்பியைச் சுவரில் வைத்துக் கேட்டேன், சுவர் முழுக்க இரைச்சல். தரையில் வைத்தேன், தரை முழுக்க இரைச்சல். என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டது ஒரே ஒரு தடவை, பெரிய லைன் வெடித்து ஒரு சினிமாக் கொட்டகையின் நாற்காலிகள் தெருவுக்கு மிதந்து வந்த அன்றைக்கு. "மெயின் போயிடுச்சு, கட்டடமே இறங்கப் போகுது" என்றேன். மேலாளரைத் தேடினால் ஆள் இல்லை. பின்பக்கம், தொட்டியிலிருந்து இறங்குகிற குழாயில், பெரிய வால்வு ஒன்று துருவேறி நின்றது. பையில் ஸ்பேனர் எப்போதும் இருக்கும். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து மூடினேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அதற்குள் ஓர் அறைக் கதவு திறந்து, தலை முழுக்கச் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஒருவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார்.

"தண்ணி நின்னுபோச்சு. யாராவது இருக்கீங்களா?"

"பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்" என்றேன். "நான்தான் நிறுத்தினேன். மெயின் லைன் உடைஞ்சிருக்கு. சத்தம் கேக்குது பாருங்க."

அவர் நுரைக்குள்ளிருந்து ஒரு காதை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார்.

"கேக்குது. அது அருவி சார்."

என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. திறந்துவிடலாம் என்று வால்வைத் திருப்பினால் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்து சேர்ந்தார். "யாரு சார் அதைத் தொட்டது? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அதை யாருமே தொட்டதில்ல" என்றார். அதுதான் தப்பு, வால்வு என்றால் மாதம் ஒரு தடவையாவது திருப்பிவிட வேண்டும் என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஸ்பேனரால் கைப்பிடி கழன்ற தண்டைப் பிடித்துத் திருகித் திறந்தேன். அப்படியும் தண்ணீர் வரவில்லை, நடுவில் காற்று அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு அறையாகப் போய்க் காற்றை வெளியேற்றி, கடைசியில் நுரைக்காரர் தலைக்குத் தண்ணீர் வருவதற்குள் நுரை காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. போகிற போக்கில் தொட்டியின் மிதவை வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததையும் சரி செய்து கொடுத்தேன். "நீங்க வந்ததும் ஒரு வகையில நல்லதாத்தான் போச்சு" என்று மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வகையில என்பதை அவர் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை, அதாவது இன்றைக்கு, அருவிக்கு இறங்கினோம். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. முழங்கால் வலி உள்ளவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், முதியவர்கள் எல்லாரும் மேலே உள்ள மேடையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எழுதியிருந்தது. இவள் அதைச் சத்தம் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே படித்தாள். மேடையிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது தெரியுமா? பனிமூட்டம். வெள்ளையாக, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. "பாத்தாச்சு, போலாமா?" என்றாள். "இதைப் பாக்கவா வந்தோம்? அடிக்குப் போகணும்" என்றேன். நுரைக்காரர், அவர் பல் வைத்தியராம், நல்ல மனிதர், நேற்று நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல், "நானும் வரேன் சார், துணைக்கு ஆள் இருந்தா நல்லதுதானே" என்று சேர்ந்துகொண்டார். யாருக்கு யார் துணை என்று நான் கேட்கவில்லை.

அக்கா, அந்தக் காட்டை ஓர் அதிகாரி ஆய்வு செய்தால் மொத்தத் துறையையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அவ்வளவு கசிவு. இலை நுனியெல்லாம் சொட்டுகிறது. மரத்தில் பாசி, பாசியில் ஈரம், ஈரத்தின் மேல் இன்னொரு செடி வேர் விட்டிருக்கிறது. சுவர் மாதிரி வேர் விரித்து நிற்கிற மரங்கள், உச்சி எங்கே என்று பார்க்க அண்ணாந்தால் தொப்பி விழுகிறது. ஆள் தொடை தடிமனுக்குக் கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போய் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அதுவும் அனுமதி இல்லாமல். வெயில் கீழே இறங்கவே இல்லை. பாதை என்பது வழுக்குகிற பாறையும் அழுகின மரப்படிகளும்தான். இவள் ஒரு துணிப்பையில் உப்பைக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, என் காலில் ஏறுகிற அட்டைகளுக்கெல்லாம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வந்தாள். அட்டைகள் அவளை விட்டுவிட்டு என்னையே தேடி வந்தன. "வாரியத்துல தண்ணி வரலேன்னு திட்டினவங்களோட சாபம்" என்றாள். பல் வைத்தியர் சிரித்தார், நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தேன்.

ஒரு திருப்பத்தில் காற்று மாறியது. பேச்சு கேட்கவில்லை. பனிமூட்டம் விலக, மரங்கள் விலக, அது நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு உயரம். எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, மேகத்துக்குள்ளிருந்து வருகிறது. பாதி வழியில் அது தண்ணீராகவே இல்லை, புகையாக அவிழ்ந்து, காற்று தள்ளின பக்கமெல்லாம் சாய்ந்து, பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மறுபடியும் கனத்து, கறுப்புப் பாறையில் வந்து இடிக்கிறது. இவள் நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தாள். நான் தண்ணீரைத் திறந்தாலும் திட்டு வாங்கினவன், மூடினாலும் திட்டு வாங்கினவன். ஒரு தெருவுக்குக் கொடுத்தால் அடுத்த தெரு மறியல் செய்யும். இங்கே யாரும் கேட்காமலே கொட்டிக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு துளியைத்தான் நான் இத்தனை காலம் குழாய் குழாயாகக் கொண்டுபோய் வீடு வீடாகச் சேர்த்தேன் என்று நினைத்ததும் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்தது. எனக்கு நல்ல வேலைதான் வாய்த்திருக்கிறது, அக்கா. யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை, இன்றைக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் கலங்கியது. சாரல் என்று இவளிடம் சொல்லிவிட்டேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

கம்பியின் ரப்பரைக் கழற்றி, பாறையில் ஊன்றி, காதை வைத்தேன். கசிவு என்றால் சீறும், உடைப்பு என்றால் உறுமும். இது இரண்டும் இல்லை. ஒரு பெரிய வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால் மூடின கதவுக்கு வெளியே எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. இவளையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். தலையை முக்காடிட்டுக்கொண்டு, கம்பியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். "உங்களைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் ஒரு தண்ணிச் சத்தத்தை எந்திரிச்சுப் போய் மூடாம, உக்காந்து கேக்கறேன்" என்றாள். நான் பல் வைத்தியர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் கேட்க ஆசைப்பட்டார், கொடுத்தேன்.

ஏறினதைப் பற்றி ரொம்ப எழுதப்போவதில்லை. இறங்கின கால்தான் ஏறியது, ஆனால் முழங்காலுக்கு அது தெரியவில்லை. பல் வைத்தியர் ஒரு கட்டத்தில், "முதுகுல ஏறிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. இவள் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போய், "அப்பாடா, எனக்கு முடியலங்க, கொஞ்சம் உக்காரலாம்" என்று உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, மூச்சுக்கூட வாங்கவில்லை. எனக்காகத்தான் உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் பையில் போன் அடித்தது. உன் மருமகன். இவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, எங்கே இருக்கீங்க?"

"அருவியில இருக்கோம்டா. நல்லா இருக்கோம்."

"பக்கத்துல என்ன அது, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம்?"

அது நான் மூச்சு வாங்குகிற சத்தம். இவள் என்னைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சமும் கூசாமல், "அதுதான்டா அருவி" என்றாள்.

"சரிம்மா. நம்ம வீட்டுச் சாவி இன்னொண்ணு யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே, ரெண்டும் என் பையிலதான் இருக்கு. ஏன்டா?"

"சும்மாதான் கேட்டேன். அவசரமே இல்ல. எல்லாத்தையும் நிதானமாப் பாத்துட்டு வாங்க. அருவி நல்லா இருக்கா?"

"அப்பாவையே கேளேன்."

"வேணாம், அப்பா பாத்துட்டு இருக்கட்டும். பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று வைத்துவிட்டான்.

பார்த்தாயா அக்கா, எவ்வளவு துணிச்சல். நாங்கள் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுச் சாவி தேடுகிறான். நாங்கள் திரும்புவதற்குள் சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றிவிடலாம் என்ற திட்டம் இல்லாமல் வேறு என்ன? பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வர நான் என்ன பார்சலா? எனக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. மிச்சப் பாதையை ஒரே மூச்சில் ஏறிவிட்டேன். பல் வைத்தியர் என் பின்னால் நாக்குத் தள்ள வந்தார். மேலே வந்ததும் மேலாளர் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "அடி வரைக்கும் போனீங்களா ஐயா? உங்க வயசுக்காரங்க யாரும் மேடையைத் தாண்டுறதில்ல" என்றார். அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆகவே, உன் விதிமுறைப்படி எல்லாம் ஆயிற்று. எதையும் தொலைக்கவில்லை. எதையும் உடைக்கவில்லை, அந்தக் கைப்பிடி ஏற்கெனவே இற்றுப்போனது, அது உடைத்ததில் சேராது. மகனுக்கு நாங்கள் போன் போடவில்லை, அவன்தான் போட்டான். நாளைக் காலைப் பேருந்தில் முழுசாக, இரண்டு பேராக, சொந்த வீட்டுக்குத் திரும்புகிறோம். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே நீ அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலடா, உன்னையும் என்னையும் விடத் தெளிவாத்தான் இருக்கான், அவங்க வீட்டுல அவங்க இருக்கட்டும்" என்று உன் வழக்கமான குரலில் சொல்ல வேண்டும். சாவி கேட்டதைப் பற்றியும் நன்றாக நாலு வார்த்தை கேள்.

மூத்தவளான உன் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும், முழங்கால் சம்மதித்ததும் வந்து விழுகிறேன், அதுவரை ஆசியை நின்றபடியே அனுப்பிவை. அத்தானுக்கு என் வணக்கம், உன் வீட்டுக் கொல்லைக் குழாய்க்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் சொல்லை ஒருபோதும் தட்டாத தம்பி

பின்குறிப்பு: விடுதிப் பக்கம் தபால் பெட்டி இல்லாததால் கடிதத்தைப் பையிலேயே கொண்டுவந்துவிட்டேன். இதை நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே கேட்டுக்கொண்ட எதையும் நீ அவனிடம் சொல்ல வேண்டாம்.

வந்து பார்த்தால் அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். கால்சட்டை முழங்கால் வரை மடித்திருக்கிறது. கையில் புதுப் பூட்டு, புதுச் சாவி. எனக்கு வந்ததே கோபம், வாயைத் திறந்தேன். அதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து, "ஐயா, உங்க பையன் மட்டும் இல்லேன்னா என் கடை மிதந்திருக்கும்" என்றார். அக்கா, டிரம் குழாய். காற்று இழுக்கிற சத்தத்தைக் கேட்கத் திறந்தேனே, அதை நான் மூடவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நான் அங்கே அருவிக்கு வால்வு தேடி மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே டிரம் நிரம்பி, சமையலறை நிரம்பி, மறுநாள் காலையில் தையல்காரரின் கூரை சொட்ட ஆரம்பித்திருக்கிறது. அவர் இவனைக் கூப்பிட்டிருக்கிறார். இவன் வந்து, பூட்டின கதவில் காதை வைத்து, "சமையலறைதான், டிரம் குழாய்" என்று சொல்லிவிட்டு, நேராகப் படிக்கட்டு அடியில் இரும்பு மூடியைத் தூக்கி வால்வை மூடியிருக்கிறான். பல் தேய்க்கும்போது குழாயை மூடுடா மூடுடா என்று நான் தொண்டை வற்றக் கத்தினேனே, அந்தப் பிள்ளை. கம்பி இல்லாமல், வெறும் காதால். தையல்காரர் அதைச் சொல்லச் சொல்ல, என்மேல் வர வேண்டிய வெட்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, அதற்கு முன்னால் பெருமைதான் வந்தது.

சாவி கேட்டது அப்போதுதான். கதவுக்கடியில் தண்ணீர் வந்துகொண்டிருக்க, நனைந்த காலோடு நின்றுகொண்டு, அருவி நல்லா இருக்கா என்று கேட்டிருக்கிறான். பிறகு பூட்டை உடைத்து, வீடு முழுக்கத் தண்ணீரை வாரி இறைத்து, தையல்காரரின் துணிகளை மொட்டைமாடியில் காயப்போட்டு, தரையைத் துடைத்து வைத்திருக்கிறான். இவ்வளவு சுத்தமாக இந்தத் தரையை நாங்களே பார்த்ததில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டு, "எவ்வளவு உயரம்ப்பா அது?" என்றான். அடி வரைக்கும் போனதையும், கம்பியைப் பாறையில் வைத்துக் கேட்டதையும் அவனுக்கு இருட்டுகிற வரைக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே குளியலறைக் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டுகிறதாம். எத்தனை தடவை சொன்னாலும் ஆளைக் கூப்பிட மாட்டேன் என்கிறானாம், எங்க அப்பா வந்து பாக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறானாம். மருமகள் இவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். ஸ்பேனரை எடுத்து வைத்துவிட்டேன்.